வீட்டுக்கு ஒரு நாஸ்: ரெடிமேட் பெட்டியா, அசெம்பிள் செய்ததா?

ஃபோனில் இடம் இல்லை. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைத்த 15 ஜிபி தீர்ந்துபோனது. கல்யாண வீடியோ ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும், பிள்ளைகளின் படங்கள் பழைய லேப்டாப்பிலும் கிடக்கின்றன. வீட்டு ரவுட்டரோடு இணைந்து, எல்லா ஃபோனும் கணினியும் டிவியும் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு சேமிப்புப் பெட்டி வேண்டும் என்று தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். அந்தப் பெட்டிக்குப் பெயர் நாஸ். சைனாலஜி, க்யூநாப், அசஸ்டர், டெராமாஸ்டர் போன்ற நிறுவனங்கள் அதைத் தயாராகவே விற்கின்றன. பாகங்கள் வாங்கி, இலவச மென்பொருள் போட்டு, நாமே செய்துகொள்ளவும் முடியும்.

இரண்டில் எது என்று கேட்டால் பலரும் விலையைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாள் இது வேலை செய்யாமல் நின்றால் யார் உட்கார்ந்து பார்ப்பது? வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் பாதி நாள் வெளியூரில் இருப்பீர்கள் என்றால் ரெடிமேட் பெட்டிதான் சரி. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கச் சலிக்காதவர் என்றால் அசெம்பிள் செய்யலாம். இதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

எவ்வளவு இடம் வேண்டும்

இப்போது கையில் உள்ள எல்லாவற்றின் அளவையும் கூட்டுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். ஐஃபோனில் 4கே வீடியோவை 30 ஃபிரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, 60 ஃபிரேமில் 400 எம்பி. இரண்டாவது முறையில் ஒரு மணி நேர நிகழ்ச்சியை எடுத்தால் 24 ஜிபி போய்விடும். ஐந்து ஆண்டுக்கான தேவையைப் போட்டு, அதோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் வேகம் குறையத் தொடங்கும், கோப்புகளின் பழைய நிலையைக் காத்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கும் இடம் வேண்டும்.

4 டிபி என்று எழுதிய டிஸ்க் கணினியில் 3.6 டிபி என்றுதான் தெரியும். அது குறையல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இரண்டு 4 டிபி டிஸ்குகளை மிரர் முறையில் போட்டால் இரண்டிலும் ஒரே தரவுதான் இருக்கும். அதனால் கிடைப்பது 3.6 டிபி, நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 3 டிபிக்குச் சற்றுக் குறைவு.

பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு டிஸ்க் மிரர் போதும். தரவை நான்கு டிஸ்கில் பிரித்து வைத்து, ஒன்று போனாலும் தாங்கும் ரெய்டு 5 முறை பற்றிப் படித்துவிட்டு அதுதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 4 டிபி டிஸ்குகள் நான்கை வாங்குவதைவிட 8 டிபி டிஸ்குகள் இரண்டை வாங்குவது பல நேரங்களில் மேல்: கரண்ட் குறைவு, சூடு குறைவு, ஒன்று போனால் மாற்றுவதும் எளிது.

எது யாருக்கு

தேவை இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்: ஃபோன் படங்கள் தானாக ஏற வேண்டும், கோப்புகளைப் பகிர வேண்டும், லேப்டாப்புகளுக்குப் பேக்கப் வேண்டும். இதற்கு இரண்டு டிஸ்க் கொள்ளும் ரெடிமேட் பெட்டி வாங்குங்கள். இந்த அளவில் புதுப் பாகங்களைக் கொண்டு அசெம்பிள் செய்தாலும் பெரிதாக மிச்சமாகாது. படங்களை ஏற்றும் ஆப், பேக்கப் மென்பொருள், தானாக வரும் அப்டேட் எல்லாம் பெட்டியின் விலைக்குள்ளேயே அடக்கம்.

நான்கு டிஸ்குக்கு மேல் தேவைப்பட்டாலோ, ஜெல்லிஃபின் என்ற வீடியோ மென்பொருள் வழியாகச் சினிமாப் படங்களை டிவியில் ஓட விட வேண்டும், இம்மிச் என்ற புகைப்பட மென்பொருள் போட்டு ஆயிரக்கணக்கான புகைப்படங்களை முகம் பார்த்துத் தேட வேண்டும் என்றாலோ கணக்கு மாறும். ரெடிமேட் பெட்டியில் டிஸ்க் வைக்கும் இடம் கூடக்கூட விலை ஏறும். உள்ளே இருக்கும் பிராசசரோ எளியதாகவே இருக்கும். அதே பணத்துக்கு அசெம்பிள் பெட்டியில் 16 ஜிபி ரேமும், வீடியோவை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தரும் இன்டெல் சிப்பும் கிடைக்கும்.

ரெடிமேடில் இன்னொரு விஷயத்தையும் தெரிந்து வாங்க வேண்டும். பெட்டி உங்களுடையது, அதன் மென்பொருள் நிறுவனத்துடையது. சைனாலஜி 2024-இல் தன் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2.2 பதிப்பை வெளியிட்டபோது, வீடியோ பார்க்க உதவிய வீடியோ ஸ்டேஷன் ஆப்பை நீக்கிவிட்டது. 2025-இல் வந்த சில பிளஸ் மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்குகளை மட்டுமே புதிதாகச் சேர்க்க விட்டது. எதிர்ப்பு வலுக்கவே, அக்டோபரில் டிஎஸ்எம் 7.3-உடன் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட் வரவில்லை. 2021 ஜூனில் அதிலிருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தி யாரோ இணையம் வழியே அவற்றின் தரவை அழித்தார்கள். ஆகவே எந்த மாடலை வாங்கினாலும், அதற்கு எந்த ஆண்டுவரை அப்டேட் வரும் என்று பாருங்கள். பழைய மாடலைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

கரண்ட் பில்

இந்தப் பெட்டி ஆண்டு முழுக்க ஓடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் கணக்கு எளிது: பெட்டி இழுக்கும் வாட்டை 1.44-ஆல் பெருக்கினால் ஒரு பில்லில் எத்தனை யூனிட் என்று வரும். இரண்டு டிஸ்க் உள்ள ரெடிமேட் பெட்டி சுமார் 18 வாட், அதாவது 26 யூனிட். இன்டெல் என்100 சிப் உள்ள போர்டில் அசெம்பிள் செய்தது 25 வாட் என்றால் 36 யூனிட். பத்தாண்டுப் பழைய ஆஃபீஸ் டெஸ்க்டாப் 45 வாட் இழுத்தால் 65 யூனிட். கிராபிக்ஸ் கார்டோடு கூடிய பழைய கேமிங் கணினி 80 வாட்டில் நின்றால் 115 யூனிட்.

முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும் உங்கள் வீடு அதை ஏற்கெனவே தாண்டியிருக்கும், எனவே நாஸின் யூனிட்டுகள் மேல் அடுக்கின் விலையில்தான் விழும். உங்கள் பில் 450, 480 யூனிட் என்று நிற்கிறதா? 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். சும்மா கிடக்கும் கணினியை நாஸ் ஆக்குவது இலவசம் என்று முடிவு செய்யும் முன் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள்.

டிஸ்க் வாங்கும்போது

எந்த வழியில் போனாலும் பணத்தின் பெரும் பங்கு டிஸ்குக்குத்தான் போகும். புதியவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகை டிஸ்க் மட்டும் வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாக அது தெரியாது. ஒரு டிஸ்க் போய், புதியதில் எல்லாவற்றையும் திரும்ப நிரப்பும் நேரத்தில் வேகம் படுத்துவிடும். சில சமயம் டிஸ்க் பதில் சொல்லாமல் போக, அதுவும் பழுது என்று நாஸ் ஒதுக்கிவிடும். 2020-இல் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி டிஸ்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருந்தது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. இப்போது டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300 ஆகிய மூன்றும் சிஎம்ஆர். சீகேட் பாரகுடா மலிவு என்று எடுக்காதீர்கள், அதில் பல அளவுகள் எஸ்எம்ஆர்.

பில்லோடு, அதிகாரப்பூர்வ விற்பனையாளரிடம் வாங்குங்கள். வந்தவுடன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வாரண்டி இல்லை என்று வந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்ட விவகாரம் 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெடித்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் பட்டியலில், ஓடிய நேரம் காட்டும் எண் பூஜ்யமாக்கப்பட்டிருந்தது. டிஸ்கின் உள்ளே இருக்கும் ஃபார்ம் பதிவேடுதான் உண்மையைக் காட்டியது. கவர் கிழிந்திருந்தாலும், திருகு ஏறிய தடம் இருந்தாலும் வாங்காதீர்கள்.

தரவை ஏற்றும் முன் டிஸ்கைச் சோதியுங்கள். ரெடிமேட் பெட்டியில் ஸ்மார்ட் நீண்ட சோதனை இருக்கும், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். அசெம்பிள் செய்தவர்கள் லினக்ஸின் பேட்பிளாக்ஸ் கருவியால் முழுவதும் எழுதிப் படிக்க வைக்கலாம். அது நான்கு வடிவங்களை எழுதி எழுதிச் சரிபார்ப்பதால் இரண்டரை நாள்வரை ஓடும். டிஸ்கில் இருப்பதெல்லாம் அழியும், எனவே காலி டிஸ்கில் மட்டும். பிறகு ஸ்மார்ட் பட்டியலில், பழுதான இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிசைகளைப் பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

ரெடிமேட் பெட்டியை அமைத்தல்

இது சுருக்கமான வேலை. டிஸ்குகளைத் தட்டில் வைத்துச் செருகுங்கள். ரவுட்டரின் லேன் போர்ட்டோடு கேபிளால் இணைத்து ஆன் செய்து, நிறுவனம் சொல்லும் பக்கத்தைக் கணினியில் திறந்தால் பெட்டி தானாகத் தெரியும். இயங்குதளம் இறங்கி ஏற பத்துப் பதினைந்து நிமிடம்.

அதன்பின் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை சில. சைனாலஜியில் டிஸ்க் அமைப்பு எஸ்எச்ஆர் என்றே இருக்கட்டும். இரண்டு டிஸ்கில் அது மிரர் போலவே நடக்கும், பின்னால் பெரிய டிஸ்குகளை மாற்றிக்கொள்ளவும் இடம் தரும். கோப்பு முறையைக் கேட்டால் பிடிஆர்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள், ஸ்னாப்ஷாட்டுக்கு அது தேவை. மலிவான சில மாடல்களில் ஸ்னாப்ஷாட் வசதியே இருக்காது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகிக் கணக்குக்கு அட்மின் என்று பெயர் வைக்காமல் வேறு பெயர் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைந்தால் யாரோ ஒருவர் தவறி அழித்த கோப்புறை எல்லாருக்கும் போய்விடும்.

அசெம்பிள் செய்யும்போது

புதிதாக வாங்குவதென்றால் இந்தப் பட்டியல் போதும்: நான்கு அல்லது ஆறு சாட்டா போர்ட் உள்ள மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு என்100 போர்டு, 16 ஜிபி ரேம் ஒன்று, இயங்குதளத்துக்கு 128 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), நான்கு டிஸ்க் கொள்ளும் கேபினட், 120 மிமீ ஃபேன். என்100-க்கு ஒரே மெமரி சேனல்தான், எனவே இரண்டு ரேம் வாங்கிப் பயனில்லை. எஸ்எஸ்டி பெரிதாக வேண்டாம், ட்ரூநாஸ் என்ற நாஸ் இயங்குதளம் அதை முழுவதும் தனக்கே எடுத்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மட்டும் 25 வாட் அளவுக்கு இழுக்கும், நான்கும் சேர்ந்து தொடங்கினால் 100 வாட்.

பழைய கணினியில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவில் ஆஃபீஸ்களிலிருந்து கழிந்த டெல், எச்பி டெஸ்க்டாப்புகள் கிடைக்கும். சிறிய ஒல்லிப் பெட்டியை எடுக்காதீர்கள், அதில் பெரும்பாலும் ஒரு 3.5 அங்குல டிஸ்குக்குத்தான் இடம். டவர் வடிவத்தை எடுங்கள். கடையிலேயே மூடியைத் திறந்து, சாட்டா போர்ட் எத்தனை, டிஸ்குக்கு வரும் பவர் ஒயர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் பிளக் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. கெட்டுப்போனால் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது.

பவர் ஒயர் போதவில்லை என்று மோலெக்ஸ் என்ற பழைய வகை பவர் முனையை சாட்டாவாக மாற்றும் கேபிளை வாங்குவார்கள். முனை முழுவதும் உருக்கி வார்த்த வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. ஒயர்கள் தனித்தனியாக அழுத்திப் பொருத்தியிருப்பது தெரியும் வகையை வாங்குங்கள், இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள். யுஎஸ்பி பெட்டிகளில் டிஸ்குகளைப் போட்டு, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியோடு இணைத்து மிரர் அமைப்பதும் வேண்டாம். இணைப்பு ஒரு நொடி அறுந்தால்கூட மிரர் உடைந்ததாகக் கணக்காகும்.

போர்டில் சாட்டா போர்ட் குறைவென்றால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள ஆறு போர்ட் கார்டு வாங்கலாம். பத்துப் பதினாறு போர்ட் என்று விற்கும் மலிவுக் கார்டுகள் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தருபவை, அவற்றைத் தொடாதீர்கள். மதர்போர்டின் பயாஸில் இருக்கும் ரெய்டையும் இயக்காதீர்கள். போர்டு செத்தால் டிஸ்கைப் படிக்க அதே வகைப் போர்டைத் தேடி அலைய வேண்டும். டிஸ்குகளை மென்பொருளே ஆளட்டும்.

மென்பொருளில் மூன்று தேர்வுகள். ரேம் 8 ஜிபிக்குக் குறைவென்றால் ஓப்பன்மீடியாவால்ட், டெபியன் மேல் ஓடுவது, எளியது. 8 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் ட்ரூநாஸ். அதன் இசட்எஃப்எஸ் கோப்பு முறை, தரவு தானாகக் கெட்டிருந்தால் கண்டுபிடித்து மிரரிலிருந்து திருத்திக்கொள்ளும். ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்று சொல்வதை வீட்டுக்குப் பொருட்படுத்த வேண்டாம். வெவ்வேறு அளவு டிஸ்குகள் கையில் இருந்தால் அன்ரெய்டு பொருந்தும், ஆனால் அதற்குக் காசு கட்ட வேண்டும்.

வேலை வரிசை இது. முதலில் டிஸ்குகள் இல்லாமல் போர்டையும் ரேமையும் பூட்டி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் கருவியை ஓடவிட்டு ஓர் இரவு விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேமை மாற்றுங்கள். கெட்ட ரேம் எழுதும் தரவு கெட்டுப்போகும், அதை எந்த மிரரும் காப்பாற்றாது. பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பை இயக்குங்கள். இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு பென் டிரைவில் ஏற்றி நிறுவுங்கள். டிஸ்குகளைப் பூட்டும்போது ஒவ்வொன்றின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சின்ன லேபிளில் எழுதி, வெளியில் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். இதைச் சிறிய வேலை என்று விடாதீர்கள். ஒரு டிஸ்க் பழுதாகி, மென்பொருள் சீரியல் எண்ணைச் சொல்லும்போது, அவசரத்தில் நல்ல டிஸ்கைக் கழற்றித் தரவை இழந்தவர்கள் உண்டு.

பிறகு டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் பூல் உருவாக்கி மிரர் தேர்ந்தெடுங்கள். குடும்பப் படங்கள், ஆவணங்கள், பேக்கப் என்று தனித்தனி டேட்டாசெட் (பூலுக்குள் ஒரு பிரிவு) போட்டு, பயனர்களை உருவாக்கி, மற்றக் கணினிகள் கோப்புகளைத் திறக்க உதவும் எஸ்எம்பி பகிர்வை இயக்குங்கள். ஸ்னாப்ஷாட் தினமும் ஒன்று, 30 நாள் வைத்திருக்கட்டும். தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் மாதம் ஒரு முறை. பழுது வந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்து, சோதனை மின்னஞ்சல் ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள். மின்னஞ்சல் அமைக்காத வீடுகளில் ஒரு டிஸ்க் செத்து மாதக்கணக்கானது, இரண்டாவதும் சாகும்போதுதான் தெரியவரும்.

இரு வகைக்கும் பொதுவானவை

வேகம் குறைவு என்ற புகாரில் பாதி ரவுட்டரால் வருவது. ஜிகாபிட் போர்ட் என்றால் நொடிக்கு 110 எம்பி வரும், 1 டிபி நகலெடுக்க இரண்டரை மணி நேரம். போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை என்றால் நொடிக்கு 11 எம்பிதான், அதே வேலை ஒரு நாளுக்கு மேல் ஓடும். நான்கு ஜோடி ஒயரில் ஒன்று அறுந்த கேபிளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ கேபிள் போதும். முதல் முறை மொத்தமாக ஏற்றும்போது வைஃபையில் செய்யாமல் லேப்டாப்பையும் கேபிளில் இணையுங்கள். ரவுட்டரில் நாஸுக்கு ஒரே ஐபி முகவரி நிலையாகக் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள்.

விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வு திறக்காது. நாஸ் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸை விட்டுவிடாதீர்கள். இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள ஸ்விட்ச் யுபிஎஸ் முறையில் இல்லையென்றால், மாறும் அந்தக் கணத்தில் நாஸ் அணைந்து எழும். யுபிஎஸ் முறையில் இருந்தாலும் பேட்டரி தீரப்போகிறது என்று அது நாஸிடம் சொல்லாது. யுஎஸ்பி போர்ட் உள்ள 600 விஏ யுபிஎஸ் ஒன்றை நாஸோடு இணைத்து, பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கினால் தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள்.

டிவி அலமாரிக்குள் கதவை மூடி வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரி தொடும் ஊர்களில் உள்ளே இருக்கும் டிஸ்க் 50-ஐத் தாண்டும். 45-க்குள் வைத்திருக்கப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபேன் தூசியைத் தட்டினாலே பல டிகிரி இறங்கும்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதலில் சிக்கிய க்யூநாப் பெட்டிகள் இணையத்துக்கு நேராகத் திறந்திருந்தவை. இந்தியாவில் பல இணைப்புகள், பல வீடுகள் ஒரே இணைய முகவரியைப் பகிரும் சிஜிநாட் வழியே வருவதால் போர்ட் திறந்தாலும் பயன்படாது. உங்கள் கருவிகளுக்கு இடையே தனி வழி போடும் டெய்ல்ஸ்கேல் மென்பொருளை நிறுவுங்கள், இரண்டு வகை நாஸிலும் ஓடும். அது சிஜிநாட்டையும் கடக்கும், உங்கள் கணக்கில் சேர்ந்த கருவிகளுக்கு மட்டுமே வழிவிடும்.

பேக்கப்

மிரர் என்பது டிஸ்க் பழுதுக்கு மட்டும் மருந்து. தவறி அழித்ததும், வைரஸ் பூட்டியதும், திருட்டும், மின்னல் இடியும் இரண்டு டிஸ்கையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே பட்ஜெட் போடும்போதே ஒரு வெளி யுஎஸ்பி டிஸ்குக்கும் பணம் ஒதுக்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் நாஸில் ஓர் அளவு சிறிய டிஸ்க் வாங்கி மிச்சம் பிடியுங்கள்.

அந்த டிஸ்கில் நகலெடுக்கும் கருவிகள்: சைனாலஜியில் ஹைப்பர் பேக்கப், ஓப்பன்மீடியாவால்டில் ஆர்சிங்க், ட்ரூநாஸில் ரெப்ளிகேஷன். வாரம் ஒரு முறை ஓடவிட்டு, முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கைப் பணயத் தாக்குதல் சேர்த்தே பூட்டும். இரண்டாவது வெளி டிஸ்க் ஒன்று வாங்க முடிந்தால், அதைக் குறியாக்கம் செய்து அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றி எடுத்து வாருங்கள்.

எல்லாம் அமைத்து ஒரு வாரம் ஓடியதும், பழைய படங்களை ஃபோனிலிருந்து அழிக்கும் முன், இரண்டு சோதனை செய்யுங்கள். பேக்கப் டிஸ்கிலிருந்து ஒரு கோப்புறையை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, படங்களைத் திறந்து பாருங்கள். அடுத்து, நாஸை முறையாக அணைத்து, ஒரு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் வருகிறதா, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மறுபடி அணைத்து அதே டிஸ்கைச் செருகி மிரரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இந்த இரண்டும் நடந்தபின் ஃபோனைக் காலி செய்யலாம்.